ஸ்விஃப்ட் காரில் ஆடியோ மாற்ற 40,000 ரூபாய் வைத்திருக்கிறேன். எதை முதலில் வாங்குவது, எப்படி டியூன் செய்வது?

உங்கள் காரில் கம்பெனி செட்டும் நான்கு கதவு ஸ்பீக்கர்களும் அப்படியே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் டிக்கியில் 1000 வாட் பேஸ் டியூபும் பின்னால் ஓவல் ஸ்பீக்கரும் போடச் சொல்கிறார், சரியா என்று கேட்கிறீர்கள். நான் அதற்கு நேர் எதிராகச் சொல்வேன். பணத்தின் பெரும்பகுதியை முன் கதவு இரண்டிலும் போடுங்கள். பின் கதவு ஸ்பீக்கர்களைத் தொட வேண்டாம்.

கச்சேரியில் பாடுபவர் நமக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். காரிலும் குரல் டேஷ்போர்டின் மேலிருந்து வர வேண்டும். பின்னால் எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வைக்கிறோமோ அவ்வளவுக்கு அது குரலை முதுகுப் பக்கம் இழுத்துவிடும். பின் சீட்டில் இருப்பவர்களுக்குக் கம்பெனி ஸ்பீக்கரே போதும். செட்டிலிருந்தே அது ஓடட்டும், செட்டில் முன் பின் சத்தத்தைப் பங்கிடும் ஃபேடரில் பின்பக்கத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

ஸ்பீக்கரைப் பற்றிப் பேசும் முன் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காரில் கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி. கோன் முன்னால் தள்ளும்போது பின்பக்கக் காற்றை இழுக்கிறது. அந்தப் பின் அலை கதவின் உள்தகட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே வந்து முன் அலையோடு சேர்ந்தால் பேஸ் அடிபட்டுப்போகும். டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள், கை நுழையும் அளவு ஓட்டைகள் இருக்கும், மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் மட்டும் ஒட்டியிருக்கும். முதலில் ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள வெளித்தகட்டில், உள்பக்கமாக, அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்ட வேண்டும். பிறகு உள்தகட்டின் ஓட்டைகளை மூட வேண்டும். ஒட்டுவதற்கு முன் தகட்டை விரல் முட்டியால் தட்டினால் தகர டப்பா மாதிரி 'டங்' என்று அதிரும். ஒட்டி ரோலரால் நன்றாக அழுத்திய பிறகு 'தொப்' என்று அடங்கும். அந்த வித்தியாசம்தான் பாட்டில் மிட்பேஸாகக் கேட்கிறது.

ஷீட் வாங்கும்போது அலுமினிய ஃபாயில் ஒட்டிய 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று தார் ஷீட்டைத் தருவார்கள், வேண்டாம். நம் ஊர் சித்திரை வெயிலில் நிற்கும் காரில் தார் இளகும், நாற்றம் அடிக்கும், கழன்று விழும். இன்னொன்று: கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றை மூடவே கூடாது. மழைத் தண்ணீர் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே இறங்கி அங்கேதான் வெளியேறுகிறது. மூடினால் கதவு உள்ளேயே துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கருக்கு வருவோம். முன் கதவுக்கு 6.5 இன்ச் காம்போனென்ட் செட் வாங்குங்கள், அதாவது கீழ் ஒலிக்கு ஊஃபர் தனி, உச்ச ஒலிக்கு ட்வீட்டர் தனி, நடுவில் ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒரு கிராஸ்ஓவர். ட்வீட்டரை ஏ பில்லர் (முன் கண்ணாடியின் ஓரத் தூண்) அருகில் வைத்தால் குரல் காலடியிலிருந்து மேலே ஏறி வரும். அட்டைப்பெட்டியில் '300 வாட்' என்று பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிட்டு இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தாங்கும் வாட். இன்னொன்று சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. 91 டெசிபெல் ஸ்பீக்கர் கொடுக்கும் சத்தத்தை 88 டெசிபெல் ஸ்பீக்கரிலிருந்து எடுக்க இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும், ஏனென்றால் 3 டெசிபெல் என்பது இரண்டு மடங்கு பவர். ஜேபிஎல், ஹெர்ட்ஸ், ஃபோக்கல், இன்ஃபினிட்டி என்று எதை வாங்கினாலும் இதுதான் கணக்கு. இரண்டு மூன்றை ஒரே பாட்டில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சென்னைக்காரர் என்றால் ஜி.பி. ரோட்டில் ஒரே மாலையில் பல கடைகள் ஏறி இறங்கிவிடலாம்.

வாட் விஷயத்தில் செட்டையும் நம்ப முடியாது. '50 வாட் x 4' என்று எழுதியிருக்கும். கார் பேட்டரியின் 14 வோல்ட்டை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்க முடிவது சேனலுக்கு 20 வாட் சொச்சம்தான். அதனால்தான் வால்யூம் ஏற ஏறக் கம்பெனி ஆடியோ கத்துகிறது. உங்கள் பட்ஜெட்டுக்குப் பொருத்தம் ஒரு நான்கு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), சேனலுக்கு 60 வாட் ஆர்எம்எஸ் அளவில். இரண்டு சேனல் முன் கதவுக்கு. மீதி இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாக இணைத்து, ஆழமான பேஸுக்கான ஒரு சப் ஊஃபருக்கு. பிரிட்ஜ் செய்யும்போது சப் 4 ஓம்தான் இருக்க வேண்டும். 2 ஓம் சப்பைக் கட்டினால் ஒவ்வொரு சேனலும் 1 ஓமைத் தாங்க வேண்டிவரும், பெரும்பாலான ஆம்ப் அதற்குத் தயாரானது இல்லை. ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்பாகப் பாருங்கள், கம்பெனி செட்டை மாற்றாமலே அதன் ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுக்கலாம். வயரை வெட்ட விடாதீர்கள். உங்கள் மாடலுக்கு ஏற்ற கப்ளர் (செருகி இணைக்கும் பிளக்) கிடைக்கும். ஒரிஜினல் வயரிங்கை வெட்டினால் பிறகு வாரன்டியில் வாக்குவாதம் வரும்.

பேஸ் டியூப் தேவையில்லை. அதே காசில் மூடிய பெட்டியில் 10 இன்ச் சப் வரும். டியூப் ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் 'பூம் பூம்' என்று அடிக்கும். மூடிய பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) வேறு, டிரம்ஸின் கிக் வேறு என்று பிரித்துக் கேட்கலாம்.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர்தான் மலிவுக் கிட்டில் வரும். முழுச் செம்பில் 8 கேஜ் கேளுங்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும், அது வயரைக் காப்பாற்ற, தீப்பிடிக்காமல் இருக்க. எர்த்தை, பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பவர் வயர் காரின் ஒரு பக்கம் போனால் சிக்னல் வயர் மறுபக்கம் போகட்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'உய்ங்' சத்தம் பெரும்பாலும் எர்த் சரியில்லாததாலோ இந்த இரண்டு வயரும் ஒட்டிப் போவதாலோ வருவதுதான்.

இனி டியூனிங். கடையில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், ஆனால் பாதி வேலை இதுதான். ஆம்பில் இருக்கும் கெயின் வால்யூம் குமிழ் கிடையாது. செட்டின் சிக்னலுக்கும் ஆம்புக்கும் அளவு பொருத்துவதற்கு மட்டும்தான் அது. செட்டில் பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றுங்கள். ஆம்பில் உள்ள ஃபில்டர்களையும் இப்போதைக்கு ஆஃப் செய்யுங்கள். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு ஒரு டெஸ்ட் டோன் ஓட்டி, ஆம்ப் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 60 வாட், 4 ஓம் என்றால் 240-இன் வர்க்கமூலம், சுமார் 15.5 வோல்ட். அந்த இடத்தில் கெயினை நிறுத்துங்கள். சாதாரண மல்டிமீட்டர் உயர்ந்த அதிர்வெண்ணில் சரியாகக் காட்டாது, அதனால் முன் சேனலுக்கு 300 ஹெர்ட்ஸ், சப்புக்கு 50 ஹெர்ட்ஸ் டோன் போதும்.

பிறகு கிராஸ்ஓவர். முன் கதவுக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்கு மேலே உள்ள ஒலி மட்டும்), சப்புக்கு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்குக் கீழே மட்டும்) என்று தொடங்குங்கள். இதைச் சரிபார்க்க எனக்கு மிருதங்கத்தைவிட நல்ல கருவி தெரியாது. ஒரு தனி ஆவர்த்தனம் போடுங்கள். வலந்தலை (வலப்பக்கம்) முன்னாலும் தொப்பியின் கும்கி (அழுத்தி இழுக்கும் கனத்த நாதம்) டிக்கியிலும் கேட்டால் ஒரே வாத்தியத்தை இரண்டாகக் கிழித்துவிட்டோம் என்று அர்த்தம். சப்பின் லோ பாஸைக் கொஞ்சம் இறக்குங்கள், அளவைக் குறையுங்கள், சப்பின் ஃபேஸ் (phase) சுவிட்சை 180 டிகிரிக்கு மாற்றிப் பாருங்கள். கும்கி எந்த நிலையில் முன்னால் நகர்ந்து வலந்தலையோடு ஒட்டுகிறதோ அதுவே சரி. முன் ஸ்பீக்கர் இரண்டில் ஒன்றின் பிளஸ் மைனஸ் மாறியிருந்தாலும் பேஸ் காணாமல் போகும். ஆம்பிலிருந்து கழற்றிய வயரில் 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டால் கோன் வெளியே நகர வேண்டும், அவ்வளவுதான் சோதனை.

டைம் அலைன்மெண்ட், அதாவது எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி தாமதம் கொடுப்பது, வேண்டுமென்றால் டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) தேவை, அதை அடுத்த போனஸுக்கு வைத்துக்கொள்ளலாம். டேட்டன் ஆடியோவின் டிஎஸ்பி-408 மாதிரி ஒன்று போதும். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. நம் கார்களில் ஓட்டுபவர் வலப்பக்கம் இருப்பதால் வலது ஸ்பீக்கர் முந்திக்கொள்கிறது. காதிலிருந்து வலது ஊஃபர் 90, இடது 130, சப் 200 சென்டிமீட்டர் என்று அளந்தால், சப்புக்குத் தாமதம் இல்லை, இடதுக்கு சுமார் 2.1, வலதுக்கு 3.2 மில்லி செகண்ட் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் குரல் வலது கதவை விட்டு டேஷ்போர்டின் நடுவுக்கு வரும். செலவழித்த காசு அத்தனையும் அந்த ஒரு நொடியில் தெரியும்.

ஈக்வலைசரில் ஏற்றுவதைவிட இறக்குவது நல்லது. காதைக் குத்தும் இடத்தைக் கண்டுபிடித்து 2, 3 டெசிபெல் குறையுங்கள், மற்றதெல்லாம் தானாகத் தெளியும். டியூனிங்கை நிறுத்திய காரில் மட்டும் முடித்துவிடாதீர்கள். சென்னை ஜிஎஸ்டி ரோடு மாதிரி நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டயர் சத்தம் பேஸை விழுங்கிவிடும், வீட்டு வாசலில் சரியாக இருந்தது அங்கே மெலிந்து கேட்கும். அதற்குத்தான் சப்பின் அளவை மட்டும் கூட்டிக் குறைக்க ரிமோட் குமிழ் ஒன்று வருகிறது. ஸ்டீயரிங் அருகே கை எட்டும் இடத்தில் மாட்டலாம். எல்லா ஆம்பிலும் இது கிடையாது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.