வெள்ளைப் பொடியும் ஆரஞ்சு சிறுநீரும்: கினி பிக் வளர்ப்பவர்களுக்கு கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: பக்கத்து பிளாட்டில் இருந்தவர்கள் வீடு மாறிப் போகும்போது, தாங்கள் வளர்த்த பெண் கினி பிக்கை எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். பெயர் லட்டு. மூன்று வயது இருக்கும் என்றார்கள். கூண்டில் விரிக்கும் செய்தித்தாளில் சிறுநீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பொடி படிகிறது. ஒரு நாள் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில் இருந்தது. என் மாமியார் உடம்புச் சூடு என்கிறார், இளநீர் கொடுக்கச் சொல்கிறார். தினமும் முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் தருகிறோம், ஆசையாகத் தின்கிறது. மகளுக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் பாதி மீதம் இருக்கிறது. யூரின் இன்ஃபெக்‌ஷனாக இருந்தால் இரண்டு சொட்டு கொடுக்கலாமா?
— வாசகி, குரோம்பேட்டை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. ஒரு சொட்டு கூடக் கூடாது. நாய்க்கும் பூனைக்கும் நாங்களே எழுதித் தரும் மருந்துதான் அது. ஆனால் கினி பிக்கின் குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகளை அது அழித்துவிடும். அந்த இடத்தில் விஷம் கக்கும் கிருமிகள் பெருகி, கழிச்சல் கண்டு, சில நாட்களில் உயிரே போய்விடலாம். பென்சிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் எல்லாம் இதே வகையறாதான். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போனால், "இது கினி பிக்குக்கு ஒத்துக்கொள்ளுமா சார்?" என்று நீங்களே கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

சரி, வெள்ளைப் பொடிக்கு வருவோம். நாமெல்லாம் உணவிலிருந்து உடம்புக்கு வேண்டிய அளவு கால்சியத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறோம். கினி பிக் அப்படியில்லை. கிடைத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும். அதனால் அதன் சிறுநீர் இயல்பாகவே கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும், காய்ந்தால் வெள்ளையாகப் படியும். பார்க்க வேண்டியது அந்தப் படிவு எப்படி இருக்கிறது என்பதைத்தான். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள் (கையைக் கழுவிக்கொண்டால் போகிறது). கோலமாவாக வழுக்கினால் கவலை வேண்டாம். மணலாக நெருநெருத்தாலோ, சிறுநீரே கெட்டியாகக் குழம்பி வந்தாலோ, சிறுநீர்ப்பையில் சுண்ணாம்பு சேர்கிறது என்று அர்த்தம். கல் உருவாவது அங்கிருந்துதான். இவற்றுக்கு வரும் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பேதான்.

நிறத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். கழித்தவுடன் மஞ்சளாக இருந்து, காற்றுப் பட்டு நேரம் போகப் போக ஆரஞ்சாகவோ செங்கல் நிறமாகவோ மாறினால் அது பெரும்பாலும் சிறுநீரில் இருக்கும் நிறமி. முதல் நாள் பீட்ரூட் கொடுத்திருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போதே சிவப்பாக, நூல் நூலாகவோ கட்டியாகவோ வந்தால் இரத்தமாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம் உண்டு. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு நிறமியா இரத்தமா என்று நானே சொல்ல மாட்டேன், யூரின் ஸ்ட்ரிப்பில்தான் (சிறுநீரில் நனைத்து நிற மாற்றத்தைப் பார்க்கும் பட்டை) பார்ப்பேன். மருந்துக்கடையில் வாங்கும்போது இரத்தத்தையும் காட்டும் ஸ்ட்ரிப்பா என்று கேட்டு வாங்குங்கள். சர்க்கரையை மட்டும் காட்டுவதும் விற்கிறார்கள். கினி பிக்கைத் தூக்கினாலே மடியில் சிறுநீர் கழித்துவிடுவது இங்கே வசதி. எதுவும் விரிக்காத எவர்சில்வர் தட்டில் கொஞ்ச நேரம் விட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, உடனே சோதியுங்கள். அதில் பி.எச். (அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) 8, 9 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், புல் தின்னும் பிராணிக்கு அதுதான் இயல்பு. மனிதர்களுக்கான லேபில் கொடுத்து "கிரிஸ்டல்ஸ் பாசிட்டிவ்" என்று ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு ஓடி வருபவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன். கிரிஸ்டல் இல்லாத கினி பிக் சிறுநீரைப் பார்த்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

லட்டு உங்கள் வீட்டுக்குப் புதிது. அதற்கு எது இயல்பு என்று முந்தைய வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கலாம், உங்களுக்குத் தெரியாது. முதல் மாதத்தை அதைத் தெரிந்துகொள்வதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் மையில் நிறம் சரியாகத் தெரியாது. பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து மேலே விரியுங்கள். காலையில் காய்கறி போட்டதும் ஐந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு மூலையாகப் பார்த்துப் பின்வாங்கிப் போய், பின்பக்கத்தைத் தூக்கி, சத்தமில்லாமல் ஒரே மூச்சில் கழித்துவிட்டு சாப்பாட்டுக்குத் திரும்பும். முதுகைக் குனித்துக்கொண்டு முக்குவது, கழிக்கும்போது கீச்சிடுவது, சொட்டுச் சொட்டாகப் பல இடங்களில் விடுவது, பின்னங்கால் மயிர் எப்போதும் ஈரமாக இருப்பது, இதில் எதுவும் இயல்பு இல்லை. புழுக்கை போடும்போது கத்தினாலும் சிறுநீர்ப்பைக் கல்லை நினைக்க வேண்டும், ஏனென்றால் அது பக்கத்திலேயே அழுத்தும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து அதில் லட்டுவை உட்கார வைத்து எடை பாருங்கள், காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் கவனிக்க வேண்டும், 100 கிராம் குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். இது என் கணக்கு.

கீரைதான் எனக்குக் கவலை. நமக்கு எலும்புக்கு நல்லது என்று சொல்லும் அதே காரணத்துக்காகத்தான் லட்டுக்கு அது தினசரி உணவாக ஆகாது. அகத்தியில் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, முருங்கையில் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அகத்தியை நிறுத்திவிடுங்கள். முருங்கை எப்போதாவது ஒரு இணுக்கு போதும். பாலக்கில் ஆக்சலேட் அதிகம் (கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகக்கூடிய பொருள்), அதுவும் எப்போதாவதுதான். கடையில் முயலுக்கும் சேர்த்து விற்கும் பெல்லட் (குச்சித் தீவனம்) பலதும் குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் செய்தது. அதிலும் கால்சியம் அதிகம், குட்டிக்கும் சினைக்கும்தான் சரி. வளர்ந்ததற்கு முக்கால்வாசிக்கு மேல் புல்லே உணவாக இருக்க வேண்டும். இறக்குமதி டிமோத்தி புல் விலை கட்டாது என்றால், பிள்ளையார் கோயில் வாசலில் விற்கும் அருகம்புல்லையே நன்றாகக் கழுவி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கொடுக்கலாம். அதற்காகக் கால்சியமே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பல்லுக்கு வேண்டும்.

மாமியார் சொன்னதில் பாதி சரி. வெயில் காலத்தில் தண்ணீர் குடிப்பது போதாமல் போனால் சிறுநீர் சுண்டி நிறம் ஏறும். இளநீர் வேண்டாம், தண்ணீர் போதும். 30 டிகிரிக்கு மேல் போனாலே இவை தவிக்கும். கூண்டை பால்கனியிலிருந்து உள்ளே எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், சிவப்பாக ஒருமுறை வந்ததால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்பேன். சுண்ணாம்புக் கல் அதில் பளிச்சென்று தெரிந்துவிடும். பெண் என்பதால் இன்னொன்றும் உண்டு. கினி பிக்குக்கு மாதவிடாய் கிடையாது. விரிப்பில் உண்மையிலேயே இரத்தம் இருந்தால், அது சிறுநீர்ப்பையிலிருந்து வராமல் கருப்பையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். லட்டுவின் வயதில் சூலகக் கட்டிகளும் சகஜம். அதற்கு ஸ்கேன் வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு மின்சார ரயிலில் போய்வரும் தூரம்தான். லட்டுவைத் துணி போட்டு மூடிய கூடையில் கொண்டு போங்கள், பட்டினி போடாமல் கொண்டு போங்கள்.

கேள்வி: எங்கள் ஆண் கினி பிக் நேற்று இரவிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. உருண்டையாகச் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது, புல்லைத் தொடவில்லை. என்ன கொடுக்கலாம்?
— வாசகர், மதுரை

பதில்: கடிதத்தில் ஃபோன் நம்பர் இருந்ததால் கைக்குக் கிடைத்தவுடனே பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்: இதற்கெல்லாம் பத்திரிகைக்குக் கடிதம் போடக் கூடாது. ஆணின் சிறுநீர்க் குழாய் நீளமானது, குறுகலானது. சின்னக் கல் ஒன்று அதில் மாட்டிக்கொண்டால் ஒரு சொட்டு வராது. பெண்ணுக்குக் குழாய் குட்டை என்பதால் சில சமயம் கல் தானாக வந்துவிடும், இல்லையென்றால் மருத்துவரே வெளியே எடுத்துவிட முடியும். ஆணுக்கு அது எளிதில்லை. அடைத்துவிட்டால் இது சில மணி நேர விஷயம், நாள் கணக்கில் காத்திருக்க முடியாது. வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், சிறுநீர்ப்பை கிழிந்துவிடும். வாழைத்தண்டுச் சாறு வேண்டாம். வண்டியை எடுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய குட்டிக்கு வைட்டமின் சி சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார் கடைக்காரர். எங்கள் வீட்டில் போர் தண்ணீர், உப்பாக இருக்கும். அதனால் கல் வருமா?
— வாசகி, அம்பத்தூர்

பதில்: வைட்டமின் சி அதற்குக் கட்டாயம் வேண்டும். நம்மைப் போலவே அதுவும் தன் உடம்பில் தயாரித்துக்கொள்ளாது. ஆனால் தண்ணீரில் கலக்காதீர்கள். சத்து சீக்கிரம் சிதைந்துவிடும், ருசி மாறியதால் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும், கல் வருவதற்கு அந்த ஒன்றே போதும். தினமும் குடைமிளகாயில் ஒரு துண்டும், கொஞ்சம் கொத்தமல்லித் தழையும் கொடுத்தால் தேவை தீர்ந்துவிடும். தண்ணீர் நீங்கள் குடிப்பதையே வையுங்கள், கேனோ ஆர்.ஓ.வோ. உப்புத் தண்ணீர் என்றால் ருசி பிடிக்காமல் குறைவாகக் குடிக்கும், எனக்கு அதுதான் பயம். பாட்டிலில் எவ்வளவு குறைகிறது என்று பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம், பச்சைக் காய் நிறையத் தின்றால் குறையும். குழாயின் முனையில் இருக்கும் குண்டு மாட்டிக்கொண்டு பாட்டில் நிறைய தண்ணீர் இருந்தும் சொட்டாமல் போவதுண்டு. காலையில் விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.