திருநம்பியின் இறப்புச் சான்றிதழில் எந்தப் பாலினம் பதிவாகும்?

கேள்வி: நான் திருநம்பி. கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரில் வசிக்கிறேன். மணமாகவில்லை, பிள்ளைகளும் இல்லை. ஓட்டுநர் உரிமத்தில் ஆண் என்று மாற்றிவிட்டேன். திருநெல்வேலியில் இருக்கும் பெற்றோர் இன்றும் என்னை மகள் என்றே சொல்கிறார்கள். நான் இறந்தால் சான்றிதழில் பெண் என்று எழுதிவிடுவார்களா? என் நண்பரால் அதைத் தடுக்க முடியுமா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. கலிபோர்னியாவைச் சேர்ந்த திருநம்பித் திரைப்பட இயக்குநர் கிறிஸ்டோபர் லீ 2012-இல் இறந்தபோது, ஓட்டுநர் உரிமத்தில் ஆண் என்று இருந்தும் இறப்புச் சான்றிதழில் பெண் என்றே பதிந்தார்கள். அவருடைய நண்பர்கள் எழுப்பிய குரல் சட்டமன்றம்வரை போனது. சட்டமன்ற உறுப்பினர் டோனி அட்கின்ஸ் கொண்டுவந்த மசோதா 2014-இல் சட்டமாகி, 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இறந்தவர் தம்மை எந்தப் பாலினமாக உணர்ந்து வாழ்ந்தாரோ அதையே பதிய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இறந்தவரைப் பற்றி விவரம் தருபவர் சொல்வதைக் கேட்டு இறப்புச் சான்றிதழ்ப் படிவத்தை நிரப்புவார்கள். ஆவணம் காட்டப்பட்டால் ஆவணமே செல்லும். ஓட்டுநர் உரிமம், பெயர் அல்லது பாலின மாற்றத்துக்கான நீதிமன்ற உத்தரவு, கடவுச்சீட்டு, சிகிச்சைச் சான்று எல்லாம் பட்டியலில் உண்டு. பிறப்புச் சான்றிதழும் உண்டு என்பதுதான் கவலைக்குரிய இடம். ஊரிலிருந்து யாராவது பழைய சான்றிதழின் நகலை அனுப்பினால் வீண் வழக்குக்கு வழி பிறக்கும்.

எந்த ஆவணமும் காட்டப்படாவிட்டால் உங்கள் நிலை இன்னும் மோசம். அப்போது உடலை அடக்கம் செய்யும் உரிமை உள்ளவரின் பேச்சே எடுபடும். மணமாகாத, பிள்ளையற்ற உங்களுக்கு அந்த உரிமை சட்டப்படி பெற்றோரிடம் போகிறது. பல ஆண்டுகள் கூடவே இருந்த நண்பராக இருந்தாலும், நட்பு ஒன்றை மட்டும் வைத்து அவரால் எதையும் தடுக்க முடியாது.

ஆனால் பெற்றோருக்கும் முன்னால் ஒருவரை நீங்களே நிறுத்தலாம். 'அட்வான்ஸ் ஹெல்த் கேர் டைரக்டிவ்' எனப்படும் மருத்துவ விருப்பப் பத்திரத்தில் நண்பரை முகவராக நியமியுங்கள். இறுதிச் சடங்கின் பொறுப்பும் அவருக்கே என்று அதில் தெளிவாக எழுதுங்கள். 'நான் ஆண், இறப்புப் பதிவிலும் அப்படியே குறிக்க வேண்டும்' என்ற வரியையும் சேருங்கள். இந்தப் பத்திரமும் மேலே சொன்ன ஆவணப் பட்டியலில் இருப்பதால், ஒரே தாள் இரண்டு வேலையைச் செய்கிறது. நோட்டரி முன்னிலையிலோ இரண்டு சாட்சிகள் முன்னிலையிலோ கையெழுத்திடலாம். முகவராகும் நண்பர் சாட்சியாக இருக்கக்கூடாது. சாட்சிகளில் ஒருவராவது உங்கள் உறவினராகவோ உங்கள் சொத்தில் பங்குள்ளவராகவோ இல்லாதவராக இருக்க வேண்டும்.

உயிலில் எழுதியிருக்கிறேன், போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. இறப்பை எட்டு நாளுக்குள், உடலை அடக்கம் செய்வதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். உயிலைப் பெரும்பாலும் அதற்குப் பிறகே பிரிக்கிறார்கள். ஆகவே பத்திரத்தின் நகலும் உரிமத்தின் நகலும் இன்றே நண்பர் கையில் இருக்கட்டும். ஈமச்சடங்கு நிலையத்தை முதலில் அணுகுபவரும் அவராகவே இருக்கட்டும், ஏனெனில் பாலினம் உள்ளிட்ட சொந்த விவரங்களை நிரப்புவது பெரும்பாலும் அந்த நிலையத்தார்தான்.

அமெரிக்கக் கடவுச்சீட்டை நம்பியிருக்க வேண்டாம். 2025 ஜனவரியில் வந்த அதிபர் உத்தரவுக்குப் பிறகு கூட்டாட்சி அரசு பிறப்புப் பாலினத்தையே வலியுறுத்துகிறது. ஓட்டுநர் உரிமம் மாநிலத்தின் கையில் இருப்பதால் அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு.

பெயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் மேலே சொன்ன விதிகள் பாலினத்துக்கு மட்டுமே. பெயரை இன்னும் சட்டப்படி மாற்றவில்லை என்றால் நீதிமன்ற உத்தரவு வாங்கிவிடுங்கள். ஊரில் பழைய பெயரில் வங்கிக் கணக்கோ நிலமோ இருந்தால், அந்த உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகல் ஒன்றைத் தனியே வைத்திருங்கள். இறப்புச் சான்றிதழோடு அதையும் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஆவணத்தை ஏற்பதற்கான அரசுச் சான்று) பெற்று அனுப்பினால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று இந்திய அலுவலகங்களில் நிரூபிப்பது எளிதாகும்.