கிச்சனரில் ஒருவரையும் தெரியாத தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை மட்டக்களப்புக் கல்லடியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். களுவாஞ்சிகுடிப் பிள்ளை அங்கே கனடாவில், கிச்சனரில் குளிரில் நிற்கிறது. கிச்சனரில் பதினேழு வருசம் பழகிய நான் லீவில் வந்து இங்கே புழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்கும் விளங்கச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் கொனெஸ்டோகா கல்லூரிக்கு வந்தீர்கள். வோட்டர்லூப் பக்கம் ஸ்டார்ட்அப், அதுதான் புதிதாய்த் தொடங்கும் சின்னக் கொம்பனிகள், நிறைய இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கண்ணில் பட்ட ஒன்லைன் நிகழ்வுக்கெல்லாம் பதிந்து, பஸ்ஸில் போகும்போதும் பொட்காஸ்ட் கேட்கிறீர்கள். மூன்று மாதமாகியும் ஒருவரையும் தெரியாது. ஒருவர் மட்டும் "சம்பளம் இல்லை, கொம்பனியில் பங்கு தருகிறேன், வாரும்" என்றிருக்கிறார். இதற்கிடையில் ஊரில் இரண்டு கூட்டாளிமாரோடு தொடங்கிய, நெல் வெட்டும் மெசின் பதிவுசெய்யும் ஆப் ஒன்றும் கையில் இருக்கிறது. இதில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று கேட்கிறீர்கள்.

பங்கு தருகிறேன் என்ற ஆளுக்கு இன்றைக்கே "வேண்டாம், நன்றி" என்று எழுதிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஒன்லைன் நிகழ்வுகள். 2020 மார்ச்சில் எல்லாம் வீட்டுக்குள் முடங்கியபோது அங்கே இருந்த கூட்டங்கள் முழுக்கக் கணினித் திரைக்கு வந்தன. பிறகு கதவு திறந்தும் பாதி அப்படியே தங்கிவிட்டது. இருநூறு பேர் பதிந்து, ஒருவர் படம் காட்டிப் பேச, மற்றவர்கள் கெமராவை மூடிவிட்டுச் சோறு தின்பது ஒரு வகை. அது தொலைக்காட்சி. அதில் ஆளைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. இன்னொரு வகை, மாதம் ஒருமுறை ஒரே நாளில் ஒரே நேரத்தில் பதினைந்து இருபது பேர் கூடுவது. மென்பொருள் சோதிப்பவர்கள், பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதுபவர்கள், இப்படி ஒரு தொழிலை வைத்துக் கூடுவார்கள். அதில் இரண்டைத் தெரிவுசெய்யுங்கள். மிச்சத்தை எல்லாம் அழித்துவிடுங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம். அந்த இரண்டுக்கும் ஆறு மாதம் தவறாமல் போங்கள். கெமராவைத் திறந்து வையுங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த நாள் பேசியவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: நீங்கள் சொன்ன இன்னதை நான் செய்து பார்த்தேன், இப்படி வந்தது என்று. வேலை கேட்காதீர்கள். மூன்றாவது மாதம் அவரே "நீர் என்ன படிக்கிறீர்" என்று கேட்பார்.

நானும் அப்படி ஒரு கூட்டத்தை விடவில்லை. அங்கே மணியை முன்தள்ளி வைத்திருக்கும் இந்தக் காலத்தில், அங்கே பின்னேரம் ஆறு மணி என்றால் இங்கே விடிய மூன்றரை. போன மாதக் கூட்டத்துக்கு விறாந்தையில் லைட்டைப் போட்டு லப்டொப்போடு இருந்தேன். அம்மா எழும்பி வந்து "ஆரோடகா இந்த நேரத்தில கதைக்கிறாய்?" என்றா. கிச்சனரில் கூட்டம் என்றேன். "அங்க இருக்கிறபோது இங்க கதைக்கிறாய், இங்க வந்தா அங்க கதைக்கிறாய்" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனா. பக்கத்து வீட்டுச் சேவல் கூட்டம் முடியும்வரை கூவியது. ஒரு வெள்ளைக்காரர் அது என்ன பறவை என்று விசாரித்தார்.

ஆனால் தம்பி, நீங்கள் அந்த ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு திரையைப் பார்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிச்சனர் நடுப்பகுதியில் பழைய லாங் தோல் பதனிடும் தொழிற்சாலை இருக்கிறது. 2010 இல் கம்யூனிடெக் அதற்குள் தன் மையத்தைத் திறந்தது. அது 1997 இல் அந்தப் பகுதித் தொழில்நுட்பக் கொம்பனிக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய இலாப நோக்கமற்ற அமைப்பு. கொஞ்சம் தள்ளி கூகுள் இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் ரப்பர் தொழிற்சாலை. தோலும் ரப்பரும் போன இடத்தில் கணினி வந்து குந்தியிருக்கிறது. 2019 ஜூனில் ஓடத் தொடங்கிய ஐயோன் ரயில் கிச்சனரையும் வோட்டர்லூவையும் ஒரே கோடாக இணைக்கிறது. ஒரு டிக்கெட்டில் போய் இறங்கலாம்.

அந்த ஊர் ஏன் அப்படி ஆனது என்று தெரிந்தால் எங்கே போய் நிற்பது என்பதும் விளங்கும். வோட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 இல் தொடங்கும்போதே நாலு மாதம் படிப்பு, நாலு மாதம் சம்பளத்தோடு வேலை என்ற கோ-ஒப் முறையோடுதான் தொடங்கியது. அங்கே ஒருவர் கண்டுபிடித்ததற்கு அவரே உரிமையாளர், பல்கலைக்கழகம் பங்கு கேட்காது. பிளாக்பெரி போனைச் செய்த கொம்பனி 1984 இல் அந்த ஊரில் பிறந்தது. 2008 இல் பல்கலைக்கழகம் ஒரு மாணவர் விடுதியையே ஸ்டார்ட்அப் தொடங்குவோருக்கென்று ஒதுக்கி வெலோசிட்டி என்று பெயர் வைத்தது. நான் கனடா போன வருசமும் அதுதான். எனக்கு அப்போது வெலோசிட்டியும் தெரியாது ஒன்றும் தெரியாது, கோப்பிக் கடையில் விடியற்காலை வேலை.

2013 செப்டெம்பரில் பிளாக்பெரி ஏறத்தாழ 4,500 பேரை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஊரே செத்த வீடு மாதிரி இருந்தது. பிறகு பார்த்தால் அந்த ஆட்களில் பலர் சின்னச் சின்னக் கொம்பனிகளில் இருந்தார்கள், சிலர் தாங்களே தொடங்கினார்கள். இன்றைக்கு நீங்கள் ஒரு கூட்டத்தில் காணும் நரைத்த தலைகளில் சிலவாவது அந்த நாளைப் பார்த்தவையாக இருக்கும். வேலை போவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அதனால் புதிதாய் வந்த பிள்ளையை அவர்கள் இலேசில் விரட்டமாட்டார்கள்.

அங்கே எப்படி நுழைவது? கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டுப் போனவனை யாருக்கும் ஞாபகம் இருக்காது. பந்தியில் வாளி பிடித்தவனை ஊருக்கே தெரியும். நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. பெயர் அட்டை கொடுக்கும் மேசையில் நிற்கிறேன் என்று எழுதிக் கேளுங்கள். இரண்டு மணி நேரத்தில் வந்த எல்லாருடைய பெயரும் முகமும் உங்கள் கையால் போகும். எனக்குக் கிடைத்த முதல் நல்ல வேலை அப்படி ஒரு மேசையில் பழக்கமான பெண் சொல்லி வந்தது.

பொட்காஸ்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேளுங்கள், நல்லதுதான். பீட்டாகிட் என்று கனடா ஸ்டார்ட்அப் செய்தி போடுபவர்களுடையதைக் கேட்டால் எந்தக் கொம்பனிக்கு யார் காசு போட்டார்கள், யார் மூடினார்கள் என்று தெரியும். ஆனால் பத்து நிகழ்ச்சியை ஒருதரம் கேட்பதை விட ஒன்றைப் பத்துத்தரம் கேட்பது மேல். பேச்சின் ஓட்டமும் சொற்களும் காதில் ஏறும். 'ரன்வே' என்பார்கள். வங்கியில் 1,20,000 டொலர் கிடக்கிறது, மாதம் 10,000 செலவு என்றால் இன்னும் பன்னிரண்டு மாதம் உயிர் இருக்கிறது, அதுதான் ரன்வே. நேர்முகத்தில் "உங்கள் ரன்வே எவ்வளவு" என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் அந்த ஆள் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது அந்தப் பங்குக் கதை. இதில் நான் சுட்டுக்கொண்டவள். பெயர் வேண்டாம், எட்டுப் பேர் இருந்த ஒரு கொம்பனி. சம்பளம் குறைவு, ஆனால் பங்கு உண்டு என்றார்கள். வீட்டுக்காரரிடம் "நாங்கள் பணக்காரராகப் போகிறோம்" என்று சொல்லிக் கொத்துரொட்டி வாங்கிக் கொண்டாடினேன். பதினோராம் மாதம் ஆட்களைக் குறைத்தார்கள். அதில் நானும் போனேன். வழமையான ஒப்பந்தம் எப்படி என்றால், பங்கு நாலு வருசத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுடையதாகும், முதல் ஒரு வருசம் முடியும்வரை ஒன்றுமே இல்லை. அதை 'கிளிஃப்' என்பார்கள், மலையுச்சி விளிம்பு. நான் விளிம்புக்கு ஒரு மாதம் இந்தப் பக்கம் விழுந்தேன். ஒரு வருசம் தாண்டினாலும் பல இடங்களில் கையில் கிடைப்பது பங்கு அல்ல, ஒரு விலைக்கு வாங்கும் உரிமை. கொம்பனியை விட்டு வெளியே வந்தால் பெரும்பாலும் 90 நாளைக்குள் காசு கட்டி வாங்கவேண்டும். கொம்பனி மூடிவிட்டால் அந்தக் கடதாசியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

உங்களுக்கோ சம்பளமே இல்லை என்கிறார். ஒன்ராறியோச் சட்டப்படி, கல்லூரி அங்கீகரித்த பயிற்சித் திட்டம் போன்ற ஒருசில விலக்குகள் தவிர, இலாபம் தேடும் கொம்பனிக்கு நீங்கள் செய்யும் வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளமாவது தரவேண்டும். இலாப நோக்கமற்ற அமைப்பின் நிகழ்ச்சியில் மேசை பிடிப்பது தொண்டு. ஒருவருடைய கொம்பனிக்கு இரவிரவாகக் கோட் எழுதிக் கொடுப்பது தொண்டு அல்ல, அது வேலை. மாணவர் விசாவில் இருப்பவருக்கு வெளிவேலை படிப்புக் காலத்தில் கிழமைக்கு 24 மணித்தியாலம் என்ற எல்லையும் 2024 நவம்பரிலிருந்து இருக்கிறது. அந்த மணித்தியாலங்களை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உழைக்க வைத்திருங்கள். ஸ்டார்ட்அப் தொடங்கினால் பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டு ஒருவர் வந்தாலும் ஓடுங்கள், ரொறன்ரோவரைக்கும் ஓடுங்கள். கொம்பனி பதிவதற்கு முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிடம் போய்க் கேளுங்கள், அது இலவசம்.

இனி உங்கள் ஆப். நீங்கள் கடைசியில் வெட்கத்தோடு எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பிடித்தது. பைத்தான் தெரிந்தவர் கிச்சனரில் தடுக்கி விழுந்தால் ஒருவர். வட்டையில், அதுதான் வயல்வெளியில், நெல் முற்றிக் கிடக்க, மழை இருட்டிக்கொண்டு வர, மெசின்காரன் போன் எடுக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் எத்தனை பேர்?

உங்களுக்காக மாமாவிடம் விசாரித்தேன். அவருக்கு உன்னிச்சைப் பக்கம் கொஞ்சம் வயல். ஆப் என்றதும் சிரித்தார். "ஒரு ஏக்கருக்கு ஆர், மகள், மெசின் கொண்டுவருவான்? ஒரு வட்டைக்குள்ள இறங்கினா அந்த வட்டையை முடிச்சிட்டுத்தான் போவான்" என்றார். எந்த வரவை (வயல் துண்டு) ஈரம், மெசின் புதையுமா, யாருடைய வயலைத் தாண்டிப் போகவேண்டும், இதெல்லாம் அவர்கள் போனில் பேசி முடிவாகிறது. நீங்கள் தனித்தனி விவசாயி ஒரு பொத்தானை அமத்தி மெசினை அழைப்பதாகச் செய்திருக்கிறீர்கள். வாடகைக் கார் ஆப் மாதிரி. அது சரிவராது போல எனக்குப் படுகிறது. ஒரு வட்டைக்காரர் சேர்ந்து ஒரு நாளைப் பிடிப்பதாக மாற்றினால்? மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, நான் வயலைப் படத்தில் பார்த்து வளர்ந்த கல்லடிக்காரி.

கூத்துக்குச் சட்டம், அதுதான் பாத்திரத்துக்குரிய பாட்டுக் கொப்பி, கொடுத்த அன்றே யாரும் மேடை ஏறுவதில்லை. பெரியப்பா கன்னங்குடாவில் ஆடிய நாளில் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஆள் பாத்திரம் பிரித்து, கொப்பி கொடுத்து, ஆட்டம் பழகி, சதங்கை அணிந்து, கிழமைக் கூத்து ஆடி, அடுக்குப் பார்த்து (கடைசி ஒத்திகை), அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். கிழமைக் கூத்துக்கு ஊர் வந்து குந்தும், கால் பிழைத்தால் கிழவர்கள் அங்கேயே சொல்வார்கள். மேடை உடுப்பு அப்போது இல்லை, ஆட்டம் மட்டும்தான். உங்கள் ஆப்புக்கு இது கிழமைக் கூத்துக் காலம். அடுத்த போகத்துக்கு இரண்டு வட்டை, இரண்டு மெசின்காரர், ஒரு வட்ஸ்அப் குழு, ஒரு கொப்பி. ஆப்பே வேண்டாம். கூட்டாளிமார் போனில் பதிவெடுக்கட்டும். எத்தனை பேர் சொன்ன நாளில் வெட்டினார்கள் என்று எழுதி வையுங்கள். மட்டக்களப்பிலேயே ட்ரீம்ஸ்பேஸ் அகாடமி இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.டி. ஹப் இருக்கிறது, அவர்களைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியோடு நீங்கள் கிச்சனரில் ஒரு மேடையில் ஐந்து நிமிடம் பேசினால் கேட்பார்கள். இப்போது பேசினால் கைதட்டிவிட்டு பீட்சா எடுக்கப் போவார்கள்.

கூட்டாளிமாரோடு கதைக்க நேரம் குழம்புகிறது என்றீர்கள். உங்கள் மதியம் பன்னிரண்டு, இங்கே இப்போது இரவு ஒன்பதரை. நவம்பரில் மணி மாறினால் பத்தரை. வகுப்பு இடைவேளையில் எடுங்கள், அவர்களும் சாப்பிட்டுவிட்டு இருப்பார்கள்.

நான் மே கடைசியில் திரும்பிவிடுவேன். அதற்கு முன் வருகிற புதன் நான் போகும் அந்த மென்பொருள் சோதிப்பவர்கள் கூட்டம் இருக்கிறது, இணைப்பைத் தனியாக அனுப்புகிறேன். உங்களுக்குப் பின்னேரம் ஆறு. கெமராவைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள். நடுவில் சேவல் கூவினால் அது எங்கள் பக்கம்தான், பேசுபவரை மன்னிக்கச் சொல்லுங்கள்.