மாநிலச் சட்டம் சரி, மகளின் விசா என்ன சொல்கிறது?

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். 19 வயது மகள் இங்கேயே ஒரு பல்கலைக்கழக டென்னிஸ் அணியில் ஆடுகிறாள். அவளுக்கு எச்-4 விசா, அதாவது எச்-1பியில் இருப்பவரைச் சார்ந்து வரும் குடும்பத்தாருக்கானது. விளையாட்டுப் பொருள் விற்கும் ஒரு நிறுவனம், இன்ஸ்டாகிராமில் ஆறு பதிவு போட்டால் 3,000 டாலரும் இரண்டு ராக்கெட்டும் தருவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ராக்கெட் வந்தே விட்டது. "டீம்ல எல்லாரும் வாங்குறாங்கம்மா, சட்டமே இருக்கு" என்கிறாள். கையெழுத்துப் போடலாமா? அவள் பெயரில் சிக்கல் என்றால் பணத்தைக் கணவர் கணக்கில் வாங்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். ராக்கெட் பெட்டியைப் பிரிக்கவும் வேண்டாம்.

மகள் சொல்வது உண்மைதான். கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதித்தால் தண்டிக்கக் கூடாது என்று 2019 செப்டம்பரில் முதலில் சட்டம் போட்டது கலிஃபோர்னியா. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. டெக்சாஸ் சட்டம் 2021 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வும் தன் பழைய தடையைத் தளர்த்தியது. பிள்ளைகள் ஆடி அரங்கம் நிரம்ப, காசு மட்டும் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்த அநியாயம் அதோடு குறைந்தது. இந்தச் சட்டங்களை நான் மனதார வரவேற்கிறவன்.

ஆனால் இந்தச் சட்டம் கட்டிப்போடுவது கல்லூரியின் கையையும் விளையாட்டுச் சங்கத்தின் கையையும்தான். வேலை செய்யும் அனுமதியைத் தரும் அதிகாரம் எந்த மாநிலத்துக்கும் இல்லை, அது மத்திய அரசின் குடியேற்றச் சட்டம். எச்-4இல் இருக்கும் பிள்ளைக்கு அந்த அனுமதி கிடையாது. பதிவு போட்டுக் காசு வாங்குவது வேலை, ராக்கெட் அதற்கான கூலி. நாளை கிரீன் கார்டுக்கு ஐ-485 படிவம் நிரப்பும்போது, அனுமதியில்லாமல் வேலை பார்த்ததுண்டா என்று கேட்பார்கள். அந்த இடத்தில் மகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும் நிலை வரக் கூடாது. 3,000 டாலர் அதற்கு ஈடாகாது.

கணவர் கணக்கு? அது இன்னும் மோசம். எச்-1பியில் இருப்பவர் தனக்காக விசா மனு போட்ட நிறுவனத்துக்கு மட்டுமே வேலை பார்க்கலாம். மகளின் உழைப்புக்கான கூலி அப்பா பெயரில் வருமான வரித்துறைக்குப் போனால், ஒரு சிக்கல் இரண்டாகும்.

கணவரிடம் ஒன்று கேளுங்கள்: கிரீன் கார்டு வரிசையில் ஐ-485 போட்டாகிவிட்டதா, அதில் மகளும் இருக்கிறாளா? இருந்தால் அவள் இ.ஏ.டி. என்கிற வேலை அனுமதிக் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்ப ரசீதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், கார்டு கைக்கு வரட்டும். வந்துவிட்டால் இந்தக் கதவு அவளுக்கும் திறக்கும். வரவில்லையென்றால், 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினாலும் இதே தடைதான் தொடரும்.

வெளிநாட்டில் வைத்து விளம்பர வேலை செய்தவர்களும் உண்டு. கென்டக்கி கூடைப்பந்து அணியின் ஆஸ்கர் ஷீப்வே, காங்கோவிலிருந்து மாணவர் விசாவில் வந்தவர், 2022இல் அணி பஹாமாஸ் போனபோது அங்கே அந்த வேலைகளை முடித்தார். டிசம்பரில் சென்னை போகும்போது நாமும் அப்படிச் செய்யலாமே என்று தோன்றும். குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்காமல் அதில் இறங்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலைப் படித்தேன். நான்காம் பக்கத்தில், அவள் படங்களை "எக்காலத்துக்கும், எந்த ஊடகத்திலும்" பயன்படுத்தலாம் என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கிறது. அவளுக்கு நாற்பது வயதானாலும் இந்தப் பத்தொன்பது வயது முகம் அவர்களுக்குச் சொந்தம். கல்லூரியில் ஆடும் காலத்தைத் தாண்டி ஒப்பந்தம் நீளக் கூடாது என்பது 2021 டெக்சாஸ் சட்டத்திலேயே இருந்த விதி. பின்னாளில் கையெழுத்திடும் நிலை வந்தாலும் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். கல்லூரிக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும்.

அந்த நாள் வந்தால் வரியும் வரும். செலவு போக ஆண்டுக்கு 400 டாலரைத் தாண்டினாலே 15.3 சதவீத சுயதொழில் வரி உண்டு, வருமான வரி தனி. ராக்கெட்டின் சந்தை விலையும் வருமானக் கணக்கில் சேரும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் படப்பிடிப்பு கலிஃபோர்னியாவில் நடந்தால் அந்த மாநிலம் கேட்கும். வருவதில் மூன்றில் ஒரு பங்கை அன்றைக்கே தனிக் கணக்கில் போட்டுவிடுவது நல்லது.

மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். பக்கத்தில் ஆடும் தோழிக்குக் கிடைப்பது தனக்கு ஏன் இல்லை என்று கேட்கிறாள், நியாயமான கேள்விதான். இந்த வாரமே நிறுவனத்துக்கு நன்றி சொல்லி, தற்போது ஏற்க இயலாது என்று அவளையே மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பி, கூரியர் ரசீதையும் அந்த மின்னஞ்சலையும் அவளுடைய விசா கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.