டிராக்டர் கெபினின் புளோவர் மோட்டாரை மாற்றுவதற்கு முன்

கேள்வி: கந்தப்பளையில் மரக்கறிச் செய்கை செய்கிறேன். என்னிடமுள்ள பழைய டிராக்டரின் கெபினில் காற்று ஊதும் புளோவர் சில வாரங்களாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்து, இப்போது முற்றாக நின்றுவிட்டது. காலை வேளைகளில் முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து பாதை தெரிவதில்லை. கராஜில் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் பழுதானது மோட்டார்தான் என்பதை உறுதிசெய்யாமல் புதியதை வாங்கிவிடாதீர்கள். முதலில் பியூஸைப் பாருங்கள். அது எரிந்திருந்தால், சுவிட்சை அணைத்துவிட்டு விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால், சிக்கிய மோட்டார் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துத்தான் பியூஸ் போயிருக்கிறது. எக்காரணம் கொண்டும் அதைவிடக் கூடிய அம்பியர் பியூஸைப் போடாதீர்கள். அடுத்து எரிவது வயராக இருக்கும்.

பியூஸ் நன்றாக இருந்தால், இயந்திரத்தை இயக்கி, புளோவரை உச்ச வேகத்தில் வைத்து, மோட்டாருக்கு வரும் வயர் இணைப்பைக் கழற்றாமலேயே அதன் இரு முனைகளுக்கும் இடையில் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 12 வோல்டுக்கு மேல் காட்டியும் சுழலாவிட்டால் குற்றம் மோட்டாரில்தான். இணைப்பைக் கழற்றிவிட்டு அளப்பது பலரும் செய்யும் தவறு. சுமை இல்லாதபோது, அரைகுறையாகத் துருப்பிடித்த வயரும் முழு வோல்டைக் காட்டிவிடும். கீச்சொலி கேட்டு நின்றதாக நீங்கள் எழுதியிருப்பதால், மலைநாட்டு ஈரத்தில் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் வறண்டு துருவேறியிருக்கலாம் என்றே கருதுகிறேன். மாறாக, உச்ச வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் நிற்கும் புளோவரில் எரிந்திருப்பது பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர். அதற்கு மோட்டாரை மாற்றுவது வீண்செலவு.

அளந்து முடித்து, கெபினின் கூரை மூடிக்குள் இருக்கும் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் பற்றரியின் மறை (நெகட்டிவ்) முனையைக் கழற்றிவிடுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணிவது இங்கு சம்பிரதாயமல்ல: உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் அடித்த மருந்தின் எச்சம் கெபின் பில்டரிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும். அந்த பில்டரைக் காற்றழுத்தத்தால் ஊதிச் சுத்தம் செய்யாமல் புதியதையே போடுங்கள். சாதாரணக் காகித பில்டர் தூசியைத்தான் பிடிக்கும், மருந்தின் ஆவியைப் பிடிக்காது, ஈ.என். 15695 என்னும் ஐரோப்பியத் தரத்தில் தூசி, நுண்துளி, ஆவி மூன்றிலிருந்தும் பாதுகாப்பளிப்பது 4ஆம் வகைக் கெபின் மட்டுமே. ஆகவே மருந்தடிக்கும்போது கெபினுக்குள் இருப்பதை மட்டும் நம்பிக் கவசத்தைக் கழற்றாதீர்கள். குளிரூட்டி பூட்டிய கெபினாயின், வாயுக் குழாய்களை எங்கும் தளர்த்தாமல் மோட்டாரை மட்டும் எடுக்க வேண்டும்.

பழைய மோட்டாரைக் கையோடு கடைக்கு எடுத்துச்செல்லுங்கள். வோல்டும் தண்டின் விட்டமும் மட்டுமல்ல, தண்டு ஒரு புறமா இரு புறமா நீள்கிறது, எந்தத் திசையில் சுழல்கிறது என்பனவும் பொருந்த வேண்டும். உருளை வடிவ விசிறி எதிர்த்திசையில் சுழன்றாலும் காற்று அதே வழியாகத்தான் வரும், ஆனால் மிகவும் பலவீனமாக வரும். அதனால், இரு வயர்களையும் இடம் மாற்றி இணைத்துவிட்டவர்கள் புதிய மோட்டாரையே குறைசொல்லித் திருப்பிக் கொடுப்பதுண்டு.

பூட்டியதும் சக்கரம் எங்கும் உரசாமல் சுழல்கிறதா என்று கையால் பாருங்கள். மோட்டாரைக் குளிர்விக்கும் சிறு குழாய் இருந்தால் மறவாமல் பொருத்துங்கள். கூரை மூடியின் ரப்பர் விளிம்பு வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மழைநீர் மோட்டாருக்கு இறங்கும் வழி பெரும்பாலும் அதுதான். மூடுவதற்கு முன் பற்றரியை மீண்டும் இணைத்து, எல்லா வேகங்களிலும் சிறிது நேரம் ஓடவிட்டு, பின்னர் அணைத்துவிட்டு வயர் இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். அது கை பொறுக்காத அளவுக்குச் சுட்டால், அதன் முனைகள் கருகித் தளர்ந்திருக்கின்றன. அந்த இணைப்பையும் மாற்றிய பிறகே கூரையை மூடுங்கள்.