அடுக்குத் தோட்டத்துக்குத் தடுப்புச் சுவர்: கேள்வி பதில்

கேப்பர் மலைச் சரிவில் மனை. மேலுக்கும் கீழுக்கும் 6 அடி வித்தியாசம். ஒரே சுவராக எழுப்பிவிடலாமா, இரண்டாகப் பிரிக்கணுமா ஐயா?

இரண்டாகவே பிரியுங்கள். உயரம் இரட்டிப்பானால் மண்ணின் தள்ளுவிசை நான்கு மடங்கு, சுவரைக் கவிழ்க்கும் திருகல் எட்டு மடங்கு ஆகிவிடும். மூன்றடிச் சுவர் இரண்டு போதும். நடுவே 6 அடியாவது சமதளம் விடுங்கள். அதைக் குறைத்தால் மேல் சுவரின் பாரம் கீழ்ச் சுவரின் முதுகில் ஏறும். மேல் சுவரின் கடக்கால் (அஸ்திவாரம்) கலையாத பழைய மண்ணில்தான் உட்கார வேண்டும். கொட்டி நிரப்பிய மண்ணில் வைத்தால் இரண்டே மழையில் இறங்கிவிடும்.

காலாப்பட்டில் நாலடி உயரத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கட்டினோம். ஐப்பசி மழையில் வயிறு தள்ளி வெடித்துவிட்டது. சிமெண்ட் குறைச்சலா?

சிமெண்டைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீருக்கு வழியே வைக்கவில்லை, அதுதான் காரணம். நாலடிச் சுவரைக் காய்ந்த செம்மண் ஓரடி நீளத்துக்குச் சுமார் 130 கிலோ தள்ளும். பின்னால் நீர் முழுக்க நிரம்பிவிட்டால் அதுவே 280 கிலோவைத் தொடும். ஒன்பது அங்குலச் சுவர் முதல் கணக்கையே தாங்காது. ஃபெஞ்சல் புயலில் (2024) புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இங்கே அப்படிப்பட்ட மழையை நினைத்துத்தான் கட்ட வேண்டும்.

இடித்துவிட்டுக் கருங்கல்லில் கட்டுங்கள். மூன்றங்குல பிவிசி குழாயை 5 அடிக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்துப் பதிக்க வேண்டும். கீழ் வரிசை தரைக்கு அரையடி மேலே. மேல் வரிசையைக் கீழ்க் குழாய்களுக்கு இடைப்பட்ட இடத்தில் மாற்றி வையுங்கள். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையில் ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரிக்காவிட்டால் செம்மண் கரைந்து வந்து குழாயை அடைத்துவிடும். மேலே அரையடிக்குக் களிமண் போட்டு மூடி, மழைநீர் பக்கவாட்டில் ஓட ஒரு சிறு வாய்க்கால் விடுங்கள்.

மண் நிரப்புவதிலும் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. வீட்டுத் தரைக்குச் செய்வதுபோல் தண்ணீர் விட்டு மண்ணை இறக்குவார்கள். இங்கே அதைச் செய்தால் ஈரக் கலவைச் சுவரை நீங்களே தள்ளுவதாகத்தான் ஆகும். பத்து நாள் நீராட்டி, சுவர் இறுகிய பிறகு, அரையடி அரையடியாகப் போட்டுத் திம்சு கட்டையால் இடிக்கச் சொல்லுங்கள். ஜேசிபியை விளிம்புக்கு வரவே விடாதீர்கள்.

30 அடி நீளம், நாலடி உயரம். கல், சிமெண்ட் எவ்வளவு ஆகும் அண்ணே?

மேலே ஒன்றரை அடி, அடியில் இரண்டரை அடி அகலம். கடக்கால் 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். மொத்தம் 375 கன அடி வேலை. கருங்கல் நாலே கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் கலவையில் சிமெண்ட் 18 முதல் 20 மூட்டை, எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒன்றரை யூனிட். பின்னால் போடும் ஜல்லி ஒன்றேகால் யூனிட். முன்முகம் அடிக்கு ஓர் அங்குலம் மண் பக்கம் சாயட்டும். மீதிக் குறுக்கலைப் பின்பக்கம் படியாக விடலாம்.

கொத்தனாரிடம் ஒன்றை மட்டும் கவனியுங்கள். முன்னும் பின்னும் அழகாக முகம் கட்டிவிட்டு நடுவில் சக்கையை (கல் துண்டுகளை) வெறுமனே கொட்டுவார்கள். அது ஒரு சுவரல்ல, இரண்டு மெல்லிய சுவர்கள். ஐந்தடிக்கு ஒரு கல், முழு அகலத்துக்கும் குறுக்கே நீள வேண்டும்.

பாகூர்ப் பக்கம் களிமண். வெட்டிய மண்ணையே நிரப்பலாமா?

கூடாது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வருஷா வருஷம் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கிராவல் (சரளை மண்) வாங்கி நிரப்புங்கள். கடக்காலையும் மூன்றடிக்கு இறக்கி, அடியில் அரையடி மணல் போட்டு இடியுங்கள்.

சுவரை ஒட்டி வேம்பு வைக்கலாமா?

பத்தடி தள்ளி வையுங்கள். சுவரோரம் செம்பருத்தி, நந்தியாவட்டை போதும்.

கடலூர் துறைமுகம் அருகே கம்பி கட்டிக் கான்கிரீட் சுவர் போடலாமா?

போடலாம், உப்புக் காற்றுதான் சிக்கல். மண் பக்கம் கம்பிக்கு மேல் 50 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கடல் மணலைத் தொடாதீர்கள். கம்பிக் கணக்கைப் பொறியாளரிடம் வாங்குங்கள். மாசியில் தொடங்கினால் புரட்டாசிக்குள் மண் நிரப்புவதுவரை முடித்துவிடலாம்.