எட்டு மாதக் குழந்தைக்குத் துளசியும் தேனுமா?

கேள்வி: என் குழந்தைக்கு எட்டு மாதம். மூன்று நாளாகச் சளி. துளசிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவச் சொல்கிறார் மாமியார். வீடு தேடி வந்த ஒருவர் ‘துளசி டிராப்ஸ்’ புட்டி கொடுத்து, பாலில் இரண்டு சொட்டு விடச் சொன்னார். எதைக் கொடுக்கலாம்? (வாசகி, மேலூர்)

பதில்: இரண்டும் வேண்டாம். சித்த வைத்தியனே துளசியை வேண்டாம் என்கிறானே என்று மாமியார் கோபிக்கக் கூடாது. அவருக்குச் சளி என்றால் பத்து இலையும் நாலு மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கட்டும்; தொண்டைக்கு இதம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

எட்டு மாதக் குழந்தையின் சளிக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுப்பதே போதும். என் பயம் துளசியில்கூட இல்லை, தேனில்தான். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டும் கூடாது. அதில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். நம் குடலில் முளைக்காத அது பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும். மலம் கட்டும், பால் உறிஞ்ச வலுவிருக்காது, அழுகை மெலியும், கழுத்து துவளும். மலைத்தேனோ கொம்புத்தேனோ, எல்லாம் ஒன்றுதான். வீட்டில் காய்ச்சினாலும் வித்து சாகாது. ‘என் பிள்ளைகளுக்குச் சேனை தொட்டு வைத்ததே தேனில்தான்’ என்பார் மாமியார். எல்லாக் குழந்தைக்கும் வராது. வந்த குழந்தைக்கு வெண்டிலேட்டர்வரை போகும். முதல் பிறந்தநாள் கழியட்டும்.

அடுத்து அந்தப் புட்டி. துளசி என்றாலே பெருமாள் கோயில் தீர்த்தம் நினைவுக்கு வருகிறதல்லவா, அந்த நம்பிக்கையைத்தான் அடைத்து விற்கிறார்கள். திருப்பிப் பாருங்கள். சித்த மருந்தாக இருந்தால் அப்படியே எழுதி, தயாரிப்பு உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் போட்டிருக்க வேண்டும். நான் பார்த்த பலவற்றில் இருப்பது 14 இலக்க உணவு உரிம எண் மட்டுமே. லேபிளில் உணவு, விற்பவர் வாயில் மருந்து! புகார் சொல்லப் போனால் ஓர் அலுவலகத்தில் ‘இது மருந்து, அங்கே போங்க’. அங்கே போனால் ‘இது உணவாச்சே’. இரண்டு படியும் ஏறி அலுத்துவிட்டேன். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் ஒரு கட்டுத் துளசி என்ன விலை, இந்தப் புட்டி என்ன விலை? உள்ளே இலைச்சாறா, எண்ணெய்ச் சாரமா என்று கேளுங்கள். சாரம் என்றால் குழந்தையின் வாயும் வயிறும் எரியும். அந்த ஆளிடம் பில்லும் கேளுங்கள், மறுபடி வர மாட்டார்.

வேது பிடிப்பதும் வேண்டாம், வெந்நீர் கொட்டிவிடும். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ மேலூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.